கதவுக்கு இந்தப் பக்கம்

ரொசாரியோ
8 செப்டம்பர் 2002

மிர்தா,

போன ஞாயிறு நீ போன் பண்ணியபோது எல்லாம் நன்றாக இருக்கிறது என்று சொன்னேன். இல்லை. நீ கூப்பிடும்போதெல்லாம் நம் பெண் ரொசீயோ என் இடுப்பை ஒட்டி நின்றுகொண்டு ஒவ்வொரு சொல்லையும் கேட்கிறாள். அதனால்தான் எழுதுகிறேன். எனக்குக் கடிதம் எழுத வராது, பொறுத்துக்கொள்.

குளிர் போய்விட்டது. ஆனாலும் அவள் கம்பளித் தொப்பியைக் கழற்றுவதில்லை. சாப்பிடும்போதும் அதுதான், தூங்கும்போதும் அதுதான். ஏதோ பிள்ளைகளுக்குள் வந்த புது மோகம் என்று விட்டுவிட்டேன். இந்த வாரம் டீச்சர் கூப்பிட்டனுப்பினாள். "தொப்பிக்குக் கீழ பாத்தீங்களா ரூபென்?" என்று கேட்டாள். பார்க்கவில்லை. வீட்டுக்கு வந்து கெஞ்சிக் கூத்தாடிக் கழற்றினேன். உச்சந்தலையில் என் உள்ளங்கை அளவுக்கு முடியே இல்லை.

படையோ சொறியோ என்று பயந்துபோய் நம் பேட்டை சுகாதார நிலையத்துக்குக் கூட்டிப்போனேன். டாக்டர் விளக்கை அடித்துப் பார்த்துவிட்டு, "தோல்ல ஒரு குறையும் இல்ல. அவளே பிடுங்குறா" என்றார். நான் அவளைப் பார்த்தேன். "தெரியாமயே கை போயிடுதுப்பா" என்றாள். அவ்வளவு மெதுவாகச் சொன்னாள்.

அங்கேயே குழந்தைகளைப் பார்க்கும் சைக்காலஜிஸ்ட் ஒருத்தி இருக்கிறாளாம், இரேனே சபத்தேல்லா என்று பெயர். டாக்டர் சீட்டு எழுதிக் கொடுத்துவிட்டார். பஸ் டெர்மினலில் மற்ற டிரைவர்களோடு மாத்தே டீ குடிக்கும்போது வாய் தவறிச் சொல்லிவிட்டேன். ஒருத்தனும் சிரிக்கவில்லை. "இதுக்கா மூஞ்சியத் தொங்கப் போட்டுக்கிட்டு இருக்க? எனக்கு புதன்கிழமைதோறும் சைக்காலஜிஸ்ட் உண்டு. என் பொண்டாட்டிக்கு வெள்ளி" என்கிறான் பர்ராகான். நம்ப முடிகிறதா? அந்தத் தடியன்!

செவ்வாய்க்கிழமை முதல் தடவை போகிறோம். உனக்குக் கோபம் வரும். சொல்லாமல் விட்டால் இன்னும் வரும்.

ரூபென்


வலென்சியா
24 செப்டம்பர் 2002

ரூபென்,

உன் கடிதத்தை அம்பாரோ அம்மாவின் குளியலறையில் உட்கார்ந்து படித்தேன். பிறகு வெளியே வந்து அவருக்குத் தலை சீவிவிட்டேன். எண்பது வயதில் என்ன அடர்த்தி தெரியுமா? சீப்பு பாதியில் நின்றுவிட்டது. "என்ன பொண்ணே, முடி சிக்கா?" என்று கேட்டார். ஆமாம் என்றேன்.

அவளுக்கு வேண்டியது சைக்காலஜிஸ்ட் இல்லை. நான். இது தெரிய யாரும் படித்துப் பட்டம் வாங்க வேண்டியதில்லை. ஏப்ரலில் உன் தொழிற்சாலையை மூடினபோது, நம்மில் ஒருவர் போயாக வேண்டும் என்று சமையலறையில் உட்கார்ந்து இரண்டு பேரும்தான் பேசினோம். எனக்குக் கடல் தாண்டி இங்கே இந்த அம்மாவைப் பார்த்துக்கொள்ளும் வேலை கிடைத்தது, நான் வந்தேன். பஸ் ஓட்டும் வேலை உனக்கு அப்புறம்தானே வந்தது? இதையெல்லாம் அந்தப் பெண்ணிடம் சொல்வாயா? அவள் கேட்கப்போகும் முதல் கேள்வி எனக்குத் தெரியும். "அம்மா எங்க?" உடனே எல்லாவற்றுக்கும் விடை கிடைத்துவிட்டது போலத் தலையாட்டுவாள்.

தலைமுடியைக் குட்டையாக வெட்டிவிடு. சோற்றுக் கற்றாழை தடவு. படுக்கும்போது மெல்லிய கையுறை போட்டுவிடு. திட்டாதே.

போவதென்றால் போங்கள், நான் தடுத்தால் மட்டும் கேட்கவா போகிறாய்? ஆனால் உள்ளே ரொசீயோ என்ன சொல்கிறாள் என்று ஒரு வார்த்தை விடாமல் எனக்கு எழுது. நான் அவள் அம்மா.

மிர்தா


ரொசாரியோ
20 அக்டோபர் 2002

மிர்தா,

ஒரு வார்த்தை விடாமல் எழுதச் சொன்னாய். எனக்கே ஒரு வார்த்தையும் தெரியாது.

முதல் தடவை என்னையும் அவளையும் சேர்த்து உட்கார வைத்தாள். நான் எதிர்பார்த்தது ஒரு கண்ணாடிக்காரக் கிழவி. வந்தது சுருட்டை முடியோடு ஒரு சின்னப் பெண். சட்டையில் வண்ணக் கறை. ரொசீயோவைப் பார்த்து, "இந்த ரூமுக்குள்ள நீ பேசறது, விளையாடறது, வரையறது எல்லாம் உன்னோடது. நான் அப்பாகிட்ட சொல்ல மாட்டேன். உனக்கு ஏதாவது ஆபத்துன்னா மட்டும் சொல்லுவேன். அதுவும் உன்கிட்ட சொல்லிட்டுத்தான் சொல்லுவேன்" என்றாள். பிறகு என்னிடம் திரும்பி, "அவ வெளிய வந்ததும் என்ன பேசினேன்னு கேக்காதீங்க. அவளா சொன்னா காது குடுங்க" என்றாள். ரொசீயோ என்னைப் பார்த்த பார்வை இருக்கிறதே! தன் பெயரில் ஒரு வீடு எழுதிக் கொடுத்த மாதிரி.

அடுத்த வாரம் கதவு சரியாகச் சாத்தவில்லை. சீட்டுக் கட்டைக் கலைக்கிற சத்தம். "சின்சோன்!" என்று ரொசீயோ கத்துகிறாள். சீட்டாட்டம்! என் பெண் சீட்டாடுவதற்கா நான் ஷிப்டு மாற்றிக்கொண்டு வந்தேன்? என்னைத் தனியாகக் கூப்பிட்ட நாளில் கேட்டேவிட்டேன். அவள் கோபப்படவில்லை. "நீங்க மாத்தே குடிக்கும்போதுதானே மனசு விட்டுப் பேசுறீங்க? இவளுக்கு மாத்தே பிடிக்காது" என்றாள்.

எப்போது சரியாகும் என்று கேட்டேன். தேதி சொல்ல முடியாது, மாதக்கணக்கில் ஆகலாம், நடுவில் மோசமாவது போலவும் தெரியலாம் என்றாள். மருந்து? இப்போதைக்கு வேண்டியதில்லையாம். பிறகு நான் வீட்டில் என்ன செய்கிறேன் என்று கேட்டாள். தினமும் காலையில் தலையைப் பார்க்கிறேன், தலையணையில் முடி கிடக்கிறதா என்று தேடுகிறேன் என்றேன். "நிறுத்துங்க ரூபென். சுங்க அதிகாரி மாதிரி பண்ணாதீங்க. அவளுக்கே அவ தலையப் பாத்தா வெக்கமா இருக்கு. நீங்களும் சேர்ந்து பாக்கணுமா?" என்றாள். நீ சொன்ன கையுறையைப் பற்றி அவளிடம் கேட்டேன். ரொசீயோவுக்குப் பிடித்தால் போடட்டும், தண்டனை மாதிரி வேண்டாம் என்றாள்.

இப்போது பார்ப்பதில்லை. அது எவ்வளவு கஷ்டம் என்று உனக்குச் சொல்லிப் புரியவைக்க முடியாது.

நீ நினைத்தது சரி, "அம்மா எங்க?" என்று கேட்டாள்தான். ஆனால் தலையாட்டவில்லை. அம்மா எப்போது தூங்குவாள், அங்கே யாரோடு பேசுவாள் என்று கேட்டாள். நான் உன்னிடம் அதைக் கேட்டதே இல்லை.

ரூபென்


வலென்சியா
26 நவம்பர் 2002

ரூபென்,

நிறுத்திவிடு. இனிமேல் ஒரு செவ்வாய்க்கிழமையும் வேண்டாம்.

ஞாயிற்றுக்கிழமை அவள் பிறந்தநாள். காலையிலிருந்து டெலிபோன் கடையில் காத்திருந்து, கண்ணாடிக் கூண்டுக்குள் நின்று பாட்டுப் பாடினேன். பின்னால் வரிசையில் நிற்கிறவர்கள் சிரித்தார்கள். எனக்குக் கவலையில்லை. பாடி முடித்ததும் என் பெண் என்ன சொன்னாள் என்று உனக்குத் தெரியும், நீ பக்கத்தில்தான் நின்றாய். "பாட்டெல்லாம் அந்தக் கிழவிக்குப் பாடு. அவளுக்கே அம்மாவா இரு. எனக்கு வேணாம்." அவ்வளவுதான், வைத்துவிட்டாள்.

ஆறு மாதமாக அவள் என்னிடம் ஒரு கடும்சொல் பேசியதில்லை. "சரிம்மா, ஆமாம்மா, சாப்பிட்டேன்மா." தங்கமாக இருந்தாள். இந்த வார்த்தைகளை அவளுக்கு யார் சொல்லிக் கொடுத்தது? கதவைச் சாத்திக்கொண்டு வாரா வாரம் உள்ளே என்ன நடக்கிறது? நீ கேட்கமாட்டாய், கேட்கக் கூடாது என்று உன்னைப் பழக்கிவிட்டார்கள். நான் பெற்ற பெண்ணின் மனம் ஊரில் யாரோ ஒருத்திக்குத் தெரிகிறது, எனக்குத் தெரியவில்லை.

நான் யோசித்துவிட்டேன். அவளை இங்கே கூட்டிக்கொள்ளப் போகிறேன். ஜனவரியில், பள்ளி விடுமுறையில். அவளிடம் இப்போது சொல்லாதே, கடைசியில் சொல்லிக்கொள்ளலாம். உன்னைப் பற்றி என்ன செய்வது என்று நாம் அப்புறம் பேசுவோம். நாம் பேச வேண்டியது நிறைய இருக்கிறது, அது உனக்கும் தெரியும்.

மிர்தா


ரொசாரியோ
10 டிசம்பர் 2002

மிர்தா,

நிறுத்தமாட்டேன்.

நமக்குக் கல்யாணமான நாளிலிருந்து உன்னிடம் நேருக்கு நேர் முடியாது என்று சொன்னதில்லை, முணுமுணுத்திருக்கிறேன், அவ்வளவுதான்.

பிறந்தநாளன்று நீ போனுக்கு அந்தப் பக்கம் இருந்தாய். இந்தப் பக்கம் நடந்ததைச் சொல்கிறேன். வைத்துவிட்டு அவள் வெள்ளைவெளேர் என்று நின்றாள். நானும் திட்டத்தான் வாயைத் திறந்தேன். அதற்குள், "அப்பா, நான் அம்மாவத் திட்டிட்டேன். இனிமே அம்மா போன் பண்ணுவாளா?" என்று கேட்டாள். பண்ணுவாள் என்றேன். "சத்தியமா?" சத்தியமாக. பிறகு உட்கார்ந்து இரண்டு மிலனேசா இறைச்சி வறுவல் தின்றாள். மாதக்கணக்கில் அவள் தட்டில் கோழி மாதிரி கொறிப்பதைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

அடுத்த ஞாயிறு காலையிலிருந்தே போன் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்தாள். நீ கூப்பிடவில்லை. அதற்கடுத்த ஞாயிறும் கூப்பிடவில்லை. உனக்கு மனசு வலித்திருக்கும். தெரிகிறது. ஆனால் மிர்தா, முளைக்க ஆரம்பித்திருந்த முடியை அந்த நாற்காலியில் உட்கார்ந்துதான் பிடுங்கினாள். என் கண் முன்னால். கை போவது அவளுக்கே தெரியவில்லை.

நான் இரேனேயிடம் ஓடினேன். உன்மேல் எனக்கு இருந்த கோபத்தையெல்லாம் கொட்டினேன். அவளும் சேர்ந்துகொள்வாள் என்று பார்த்தேன். "மிர்தா அங்க தனியா இருக்காங்க. பொண்ணு திட்டினா யாருகிட்ட போய் அழுவாங்க?" என்றாள். பிறகு சொன்னாள்: "அம்மா திரும்ப வரவே மாட்டாளோன்னு பயமா இருக்கறப்ப எந்தப் பிள்ளையும் அம்மாவத் திட்டாது. நல்ல பிள்ளையாத்தான் இருக்கும். முடி மட்டும் போகும்." வார்த்தைகளை யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை. அது நம் பெண்ணின் வார்த்தைதான். உன் நாக்கு அவளுக்கு.

நீ சொன்ன ஜனவரி விஷயத்தை இரேனேயிடம் சொன்னேன். போகலாமா கூடாதா என்று அவள் சொல்லவில்லை. அது நீங்கள் இருவரும் முடிவு செய்ய வேண்டியது என்றாள். கடைசியில் சொல்லிக்கொள்ளலாம் என்பதற்கு மட்டும் முகம் சுளித்தாள். "அவளுக்கு ஏதோ தெரியும். என்னன்னுதான் தெரியாது. அதுதான் கொடுமை."

பத்தொன்பதாம் தேதி வியாழக்கிழமை, உனக்கு இரவு எட்டு மணி, இங்கே மாலை நான்கு. சுகாதார நிலையத்து எண்ணைக் கீழே எழுதியிருக்கிறேன். இரேனேயின் அறையில் ஒலிபெருக்கி வைத்த போன் இருக்கிறது. ரொசீயோவைக் கேட்டுவிட்டுத்தான் ஏற்பாடு செய்தோம். "அம்மா வந்தா வரட்டும்" என்றாள். அவசரத் தபாலில் அனுப்புகிறேன். கூப்பிடு. கெஞ்சிக் கேட்கிறேன்.

ரூபென்


வலென்சியா
27 டிசம்பர் 2002

ரூபென்,

நீ அறைக்கு வெளியே இருந்தாயாமே. அதனால் உனக்கு எழுதுகிறேன். எழுதலாமா என்று ரொசீயோவிடம் கேட்டுவிட்டேன். "அப்பாகிட்ட சொல்லலாம்" என்று அனுமதி கொடுத்தாள்.

கூப்பிடுமுன் கடைவாசலில் மூன்று பேரை எனக்கு முன்னால் போகவிட்டேன். அவ்வளவு பயம். தீர்ப்புச் சொல்லப் போகிறவளின் குரலை மனதில் வைத்திருந்தேன். அவளோ, "வாங்க மிர்தா. உங்க பொண்ணு மேஜைக்குக் கீழ உக்காந்திருக்கா. அங்க இருந்தா நல்லாக் கேக்குமாம்" என்றாள். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சின்னதில் துணி தைக்கும் மேஜைக்குக் கீழேதான் இருப்பாள், ஞாபகமிருக்கிறதா?

பிறகு யாரும் பேசவில்லை. நான் "ரொசீயோ, ரொசீயோ" என்று நிரப்பிக்கொண்டே போனேன். "அவசரம் இல்ல. மௌனமா இருந்தாலும் அவ இங்கதான் இருக்கா" என்றாள் இரேனே. வாயை மூடிக்கொண்டேன். கண்ணாடியில் என் மூச்சுப் படிந்து படிந்து மறைந்தது.

அப்புறம் மேஜைக்கு அடியிலிருந்து குரல் வந்தது. "நீ இங்க வருவியா, இல்ல நான் அங்க வரணுமா?"

வாய் நுனியில் ஆயிரம் சத்தியம் இருந்தது ரூபென். சீக்கிரம் வந்துவிடுவேன் கண்ணே, எல்லாம் சரியாகிவிடும் கண்ணே. இரண்டையும் முன்பே எத்தனை தடவை சொல்லியிருக்கிறேன் என்று நினைத்துக்கொண்டேன். "எனக்குத் தெரியல. உன்ன இங்க கூட்டிக்கலாம்னு நெனச்சேன். அப்பாவும் நானும் இன்னும் முடிவு பண்ணல" என்றேன். அழப்போகிறாள் என்று கண்ணை மூடிக்கொண்டேன்.

"சரி" என்றாள். "முடிவு பண்ணினா என்கிட்ட மொதல்ல சொல்லு. அப்பாகிட்ட இல்ல, என்கிட்ட."

அப்புறம் என்மேல் ஏன் கோபம் என்று சொன்னாள். அதை உனக்கு எழுதமாட்டேன். அது எங்கள் இருவருக்கும். நியாயமான கோபம்தான். நான் மறுத்துப் பேசவில்லை, கேட்டுக்கொண்டேன். கடைசியில் இரேனே என்னிடம், "உங்களுக்கு அங்க பேச ஆள் இருக்கா?" என்று கேட்டாள். பொலிவியாக்காரி ஒருத்தி இருக்கிறாள், ஞாயிறு மாலை பூங்காவில் சந்திப்போம் என்றேன். அதை உன்னிடம் சொன்னதில்லை. நீ கேட்டதில்லை, நானும் சொன்னதில்லை.

ஜனவரி வேண்டாம். ஞாயிறுதோறும் கூப்பிடுவேன், திட்டினாலும் கூப்பிடுவேன்.

மிர்தா


ரொசாரியோ
23 பிப்ரவரி 2003

மிர்தா,

அங்கே உனக்குக் குளிர், இங்கே வெயில் கொளுத்துகிறது. ஆற்றங்கரையிலிருந்து வரும் கொசு என் பஸ்ஸில் டிக்கெட் வாங்காமல் ஊர் சுற்றுகிறது.

போனில் உனக்குச் சொல்லாத ஒன்று. டிசம்பர் கடைசியில் இரேனே, "பிப்ரவரி நடுவுலதான் திரும்ப வருவேன்" என்றபோது விரல் விட்டு வாரங்களை எண்ணினேன். சைக்காலஜிஸ்டுக்கு விடுமுறையா? அதுவும் இப்போதா? பர்ராகானிடம் புலம்பினேன். "கோடை வந்தா ஊர்ல ஒரு சைக்காலஜிஸ்ட் இருக்க மாட்டான். பைத்தியம் பிடிக்கறதா இருந்தா மார்ச்சுக்குத் தள்ளிப் போடு" என்றான்.

ஆனால் ரொசீயோவிடம் ஒரு மாதத்துக்கு முன்பே சொல்லித் தயார்செய்திருக்கிறாள். எங்கே போகிறாள், எந்த நாள் வருவாள், நடுவில் ரொம்பக் கஷ்டமாக இருந்தால் யாரைப் பார்க்கலாம் என்று எல்லாம். ஜனவரியில் இரண்டு வாரம் மோசம். கதவை உதைத்தாள், என்னை "மக்கு டிரைவர்" என்றாள், முடியும் கொஞ்சம் போனது. நான் பார்க்காத மாதிரி இருந்தேன். தக்காளி நறுக்கச் சொன்னேன், மாவு பிசையச் சொன்னேன். கைக்கு வேலை இருந்தால் நல்லது என்று அவளே கண்டுபிடித்தாள். அந்த மாவில் செய்த நியோக்கி தின்று தின்று நான் பெருத்துவிட்டேன்.

சொன்ன நாளில் இரேனே வந்துவிட்டாள். கறுத்துப்போய், மூக்கு உரிந்து. ரொசீயோ அறைக்குள் ஓடவில்லை. வாசலில் நின்று அவளை மேலும் கீழும் பார்த்தாள். "வந்துட்டியே" என்றாள். குற்றம் சாட்டுகிற மாதிரி சொன்னாள். அப்புறம்தான் உள்ளே போனாள்.

நானும் மாதம் ஒரு தடவை போய் உட்காருகிறேன். தொழிற்சாலை மூடினதைப் பற்றிப் பேச ஆரம்பித்து, உன்னைப் பற்றிப் பேசி முடித்தேன். இதற்கு மேல் எனக்கு எழுத வரவில்லை.

ரூபென்


வலென்சியா
6 ஏப்ரல் 2003

ரூபென்,

இன்று போனில் ரொசீயோவிடம் ஒரு விஷயம் சொன்னேன். உனக்கும் இந்தக் கடிதத்திலேயே எழுதியிருக்கலாம். எழுதமாட்டேன். அவளே சொல்லட்டும். எப்போது சொல்வாள் என்று தெரியாது, துருவாதே.

அம்பாரோ அம்மாவை அவருடைய மகள் அலிகாந்தேவுக்குக் கூட்டிப்போகிறாள். என்னையும் கூப்பிட்டார்கள். யோசித்துப் பதில் சொல்கிறேன் என்றேன், உண்மையிலேயே யோசித்தேன். யாரும் என்னை விரட்டவில்லை. இது என் முடிவு. அதை நீ தெரிந்துகொள்ள வேண்டும்.

நம்மைப் பற்றி நான் எதுவும் எழுதவில்லை என்று கவனித்திருப்பாய். எனக்குத் தெரியாததை எழுதாமல் இருக்கக் கற்றுக்கொண்டிருக்கிறேன்.

மிர்தா


ரொசாரியோ
4 மே 2003

மிர்தா,

உன் கடிதம் வந்து பத்து நாள் வாயைத் திறக்கவில்லை உன் மகள். நானும் துருவவில்லை. பல்லைக் கடித்துக்கொண்டு பஸ் ஓட்டினேன். ஒரு நாள் இரண்டு நிறுத்தத்தை விட்டுவிட்டேன், ஒரு அம்மாள் குடையால் அடித்தாள்.

நேற்று சனிக்கிழமை. நான் துணி காயப் போட்டுக்கொண்டிருந்தேன். கிளிப்பை ஒவ்வொன்றாக எடுத்துக் கொடுத்துக்கொண்டிருந்தவள், "அம்மா ஜூன் பதினாலாம் தேதி வர்றா. இருக்கறதுக்குத்தான் வர்றா. என்கிட்ட மொதல்ல சொன்னா" என்றாள். நான் திரும்பவில்லை. திரும்பியிருந்தால் என் முகத்தைப் பார்த்திருப்பாள். "உனக்கு எப்பவோ தெரியுமா?" என்று மட்டும் கேட்டேன். "ஆமா. கொஞ்ச நாள் எனக்கு மட்டும் தெரிஞ்சிருக்கட்டும்னு நெனச்சேன்" என்றாள். அடுத்த கிளிப்பைக் கொடுத்தாள்.

அப்புறம் கேட்டாள்: "அம்மா எந்த ரூம்ல படுப்பா?" எனக்குத் தெரியல குட்டி, அம்மாவும் நானும் பேசணும் என்றேன். "எனக்கும் சொல்வீங்கல்ல?" சொல்வோம் என்றேன். அது போதுமாயிருந்தது அவளுக்கு. எனக்கும்.

உச்சந்தலையில் சின்னதாக ஒரு வட்டம் இன்னும் மிச்சமிருக்கிறது. முழுக்க மூடுமா என்று தெரியாது. மனக்கஷ்டம் வந்தால் கை மறுபடி போகலாம் என்று இரேனே ஒளிக்காமல் சொன்னாள். நீ வந்த பிறகும் அவள் அங்கே போவாள். நீ வந்ததால் எல்லாம் முடிந்தது என்று நினைத்துவிடாதே, சில நாள் உன்னை உண்டு இல்லை என்று ஆக்கிவிடுவாள்.

நாங்கள் இரண்டு பேரும் பஸ் பிடித்து எஸெய்சா விமான நிலையத்துக்கு வருவோம். ஒன்று சொல்கிறேன், கேட்டுக்கொள். கண்ணாடிக் கதவு திறந்து நீ வரும்போது அவள் ஓடி வராமல் போகலாம். என் முதுகுக்குப் பின்னால் போய் ஒளியலாம், உன் பெட்டியைப் பார்க்கலாம், உன்னைப் பார்க்காமல் இருக்கலாம். நீ ஓடி வந்து தூக்காதே. அழுகை வந்தால் அழு, ஆனால் நின்ற இடத்திலேயே நில். கொஞ்ச நேரம் ஆகும். பிறகு அவளாக வருவாள்.

நானும் அப்படித்தான் நிற்பேன்.

ரூபென்